புகைக்காத கர்ப்பிணி, வளராத கரு: மேற்குக் குமரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கருங்கலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் வாழும் 24 வயதுப் பெண்ணின் இரண்டாவது பேறுகாலம் பற்றியது இந்தப் பதிவு. அவருடைய ஒப்புதலோடு எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. அவர் வாழ்நாளில் ஒரு பீடியையோ சிகரெட்டையோ உதட்டில் வைத்தவர் அல்லர். ஆயினும் கர்ப்ப காலத்தில் புகைப்பதால் கருவுக்கு நேரும் தீங்கு எதுவென்று பாடநூல்கள் சொல்கின்றனவோ, ஏறத்தாழ அதே தீங்கின் சாயல் அவருடைய ஸ்கேன் அறிக்கையில் தெரிந்தது. காரணம் எங்களுக்குத் தெரியவந்தது 29ஆவது வாரத்தில்தான். கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்லர், கிராம சுகாதார செவிலியர். தாமதத்துக்குக் காரணம் அந்தப் பெண்ணின் கர்ப்பிணி அட்டையை எழுதிய மருத்துவ அலுவலரான நான்.

பதிவும் முதல் வருகைகளும்

மார்ச் மாத நடுவில், பத்தாவது வாரத்தில், அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொண்டார். உயரம் 150 செ.மீ., எடை 43 கிலோ, இரத்த அழுத்தம் 100/60, ஹீமோகுளோபின் 9.8 கிராம். மூன்றரை ஆண்டுகளுக்கு முன் பிறந்த முதல் குழந்தை, 38 வாரத்தில் சுகப்பிரசவம், பிறப்பு எடை 2.6 கிலோ. சர்க்கரை நோயோ தைராய்டுக் கோளாறோ இல்லை. அட்டையில் பழக்கவழக்கங்களுக்கான இடத்தில் ‘புகைத்தல், மது: இல்லை’ என்று எழுதினேன். உண்மையில் அதைக் கேட்கக்கூட இல்லை. நம் ஊரில் சேலை கட்டிய ஒரு பெண்ணிடம் அதைக் கேட்பது அவமதிப்பாகத் தோன்றும் என்ற தயக்கத்தில், பார்த்தவுடனே ‘இல்லை’ என்று எழுதிவிடுவது எங்களில் பலருக்கும் கை வந்த பழக்கம்.

அன்று அவர் சொன்ன ஒரே தொந்தரவு, சத்தி. காலையில் எழுந்தது முதல் குமட்டல், வாயில் ஓயாமல் ஊறும் நீர், சோற்றின் மணமே ஆகவில்லை என்றார். மசக்கைதானே, மூன்று மாதம் போனால் தானே சரியாகும் என்று சொல்லி அனுப்பினேன். டாக்சிலமைன், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரை மருந்தகத்தில் இருந்தது. கர்ப்ப காலத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு, பாதுகாப்பானது என்று தெளிவான மருந்து அது. அதை எழுதித் தரும் அளவுக்கு வாந்தி கடுமையாக இல்லை என்று அப்போது நினைத்தேன். இந்த நிகழ்வை இப்போது திரும்பிப் பார்க்கையில், எழுதப்படாத அந்த மருந்துச்சீட்டினால்தான் மற்ற எல்லாம் தொடர்ந்ததாகத் தோன்றுகிறது.

பதினாறாவது வாரத்திலும் இருபதாவது வாரத்திலும் வந்தார். இருபதாவது வார ஸ்கேனில் உறுப்புக் குறைபாடு ஏதும் இல்லை, வளர்ச்சி நாளுக்கு ஏற்றபடி இருந்தது. எடை 46 கிலோ. இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் வயிறு எரிகிறது என்றார். இரவில் சாப்பிடச் சொன்னோம்.

ஜூலை மாதத்தில், 28ஆவது வாரத்தில் வந்தபோது கருப்பை உச்சியின் உயரம் 24 செ.மீ. மட்டுமே இருந்தது. அந்தக் கட்டத்தில் வாரமும் சென்டிமீட்டரும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். மூன்றுக்கு மேல் குறைந்தால் ஸ்கேன் தேவை. மேல்நிலை மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் கருவின் எடை சுமார் 920 கிராம் என்று மதிப்பிடப்பட்டது. அந்த வாரத்துக்குரிய பத்தாம் சதமானத்துக்குக் கீழே அது விழுந்தது, அதாவது அதே வாரத்துக் கருக்களில் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் இதைவிடப் பெரியவை. தலையின் அளவு ஓரளவு சரியாகவும் வயிற்றின் சுற்றளவு குறைந்தும் இருந்தது. அதாவது கிடைக்கும் கொஞ்சத்தை மூளைக்கு ஒதுக்கிவிட்டு, கல்லீரலில் சேமிக்க வேண்டிய சர்க்கரையையும் தோலடியில் சேமிக்க வேண்டிய கொழுப்பையும் கரு விட்டுக்கொடுத்துக் கொண்டிருந்தது. தொப்புள்கொடித் தமனியின் டாப்ளர் அளவீட்டில் இரத்த ஓட்டத்துக்கான தடை கூடியிருந்தது. ஆனால் இரு துடிப்புகளுக்கு இடையே இதயம் தளரும் நேரத்திலும் ஓட்டம் முன்னோக்கியே இருந்தது என்பது ஆறுதல்.

இரத்த அழுத்தம் கூடவில்லை. சிறுநீரில் புரதம் இல்லை. தொற்று நோய்களுக்கான சோதனைகளில் எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 9.2 ஆக இறங்கியிருந்தது. இரத்தசோகையும் குறைந்த உடல் எடையும் காரணமாக இருக்கலாம் என்று எழுதி, காரணத்தைத் தேடுவதை அத்தோடு நிறுத்தவிருந்தோம்.

வீட்டு வருகை

இரும்பு ஊசிக்கு அவரை அழைத்துவரப் போன கிராம சுகாதார செவிலியர், மழைக்காக அந்த வீட்டில் அரைமணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. அன்று மழை பெய்திராவிட்டால் இந்தப் பதிவு இல்லை.

ஓட்டுக்கூரை வீடு, ஒரு திண்ணை, ஒரு நடுக்கூடம், அதையொட்டி ஓர் அறை, பின்புறம் அடுக்களை. எரிவாயு அடுப்பு உண்டு. ஆனால் சோறு வடிப்பதும் வெந்நீர் போடுவதும் விறகடுப்பில்தான். கொதும்பும் மட்டையும் சிரட்டையும் தென்னந்தோப்பிலிருந்து காசில்லாமல் கிடைக்கின்றன. மாமனார் ஒருகாலத்தில் பனையேறியவர். முழங்கால் தேய்ந்தபின் வீட்டோடு இருக்கிறார். நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி. கோடையில் முற்றத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து வலிப்பவர், ஜூன் முதல் வாரத்தில் இடவப்பாதி மழை தொடங்கியதும் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார். சாரலுக்காகக் கதவும் சன்னலும் சாத்தியிருந்தன. மருமகள் பகலில் படுத்திருக்கும் அறைக்கும் அந்தக் கூடத்துக்கும் நடுவே ஒரு துணித்திரைதான் இருந்தது. கணவர் கொத்தனார், திங்களன்று கேரளத்துக்கு வேலைக்குப் போய்ச் சனியிரவு திரும்புவார். அவரும் பீடி வலிப்பவர், அந்த ஒன்றரை நாளும் தகப்பனுக்குத் துணை.

தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. வருடத்தில் நான்கைந்து மாதம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் வாழ்க்கையில் ‘வெளியே போய்ப் புகைக்கச் சொல்லுங்கள்’ என்ற அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

செவிலியர் இதைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் வெற்றிலைச் செல்லத்தை எடுத்தார். தனக்கு ஒன்று மடித்துவிட்டு, கேளாமலேயே மருமகளுக்கும் ஒன்று மடித்தார்: தளிர் வெற்றிலை, சுண்ணாம்பு, கொட்டைப்பாக்கு, நகக்கண் அளவு புகையிலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் எட்டு மாதம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், வேலைபார்த்த நாளில், உடன் பருப்பு உடைத்த பெண்களிடம் எப்போதாவது வாங்கிப் போட்டதுண்டு என்றும், பிறகு விட்டுவிட்டதாகவும் மருமகள் சொன்னார். இந்தக் கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்தில், சத்தி நிற்காமல் தவித்தபோது, மாமி வாயில் ஒரு முறுக்கான், அதாவது புகையிலை சேர்த்து மடித்த வெற்றிலை, திணித்தார். அது வாயில் இருக்கும் வரை நீர் ஊறல் நின்றது. அன்றிலிருந்து நாளைக்கு ஐந்தாறு முறை.

மறுநாள் ஊசிக்கு வந்தவரிடம், ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும். அவர் அமைதியாகச் சொன்னார்: “நீங்க கேக்கலியே டாக்டர். நர்சம்மாவும் முன்ன பீடி, சிகரெட்டு எண்ணுதான் கேட்டாவ. அது ஆம்பிளையளுக்க காரியம் இல்லியா. பொயல போடுவியா எண்ணு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

கேள்வி எங்கே பிசகியது

2016-17இல் நடத்தப்பட்ட வயதுவந்தோருக்கான உலகப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் புகைப்பவர் 2 சதவீதம். புகையற்ற வடிவில் புகையிலையை மெல்லுபவர் அல்லது தேய்ப்பவர் 12.8 சதவீதம். வீட்டுக்குள் பிறர் விடும் புகையைச் சுவாசிக்க நேர்வோர், ஆண் பெண் இருபாலாரும் சேர்த்து, 38.7 சதவீதம். எனவே நம் கர்ப்பிணிகளிடம் ‘புகைப்பீர்களா’ என்ற கேள்வியை மட்டும் கேட்பது, வெளிநாட்டுப் படிவத்தை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரை மட்டும் தேடுவதற்கு ஒப்பாகும். எங்கள் நிலையத்தின் சுவரில் ஒட்டப்பட்டிருந்த சுவரொட்டியிலும், வயிற்றைத் தடவியபடி சிகரெட் பிடிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அதைப் பார்க்கும் எந்தப் பெண்ணும் இது தன்னைப் பற்றியது என்று நினைக்க வழியில்லை.

இது படிப்பறிவின்மையால் வந்த குறையும் அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. இந்தப் பெண்ணும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். வெற்றிலையும் புகையிலையும் இங்கே வேறொரு வரலாற்றோடு வந்தவை. இப்பகுதி 1956 வரை திருவிதாங்கூரின், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியின், பங்காக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புகையிலையின் வணிகத்தை அந்த அரசு ஒருகாலத்தில் தன் ஏகபோகமாக வைத்து வருவாய் ஈட்டியது. கலியாணப் பந்தலிலும் துட்டிவீட்டிலும் வெற்றிலைத் தட்டில் புகையிலைக்கு இடம் இருந்தது. அதைப் போதைப் பொருள் என்று யாரும் எண்ணுவதில்லை. பல்வலிக்கும் வாய்நாற்றத்துக்கும் குமட்டலுக்கும் கைமருந்து என்றே எண்ணுகிறார்கள். மருமகள் மேல் உள்ள அன்பினால்தான் அந்த மாமியார் மடித்துக் கொடுத்தார் என்பதை இந்த ஆய்வைப் படிப்பவர்கள் மறக்கக் கூடாது. நானே சில நாள் மறந்திருந்தேன்.

உடலுக்குள் நடந்தது

கர்ப்பிணி புகைத்தால் கருவைத் தாக்கும் பொருள்களில் முதன்மையானவை இரண்டு: நிக்கோட்டின், கார்பன் மோனாக்சைடு. நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கருப்பைக்கும், கருவுக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடி எனப்படும் நஞ்சுக்கும் செல்லும் ஓட்டம் குறைகிறது. நஞ்சின் தடுப்பை அது எளிதில் கடக்கிறது. கருவின் இரத்தத்தில் அதன் அளவு தாயின் இரத்தத்தில் உள்ளதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். வளரும் மூளையிலும் மூச்சைக் கட்டுப்படுத்தும் மையங்களிலும் நிக்கோட்டினுக்கான ஏற்பிகள் இருப்பதால், பிறந்தபின் உறக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணத்தோடு புகையிலைக்கு உள்ள தொடர்புக்கு அதுவும் ஒரு விளக்கமாகக் கருதப்படுகிறது. கார்பன் மோனாக்சைடின் வழி வேறு. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. பற்றாத மீதி ஹீமோகுளோபினும் தான் சுமக்கும் ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விட்டுக்கொடுக்கத் தயங்குகிறது. ஏற்கெனவே குறைந்த ஆக்சிஜன் அழுத்தத்தில் வாழும் கருவுக்கு இது இரட்டை இழப்பு. இவற்றோடு நஞ்சில் படியும் காட்மியம் முதலிய உலோகங்களும் உண்டு.

நாள்தோறும் புகைக்கும் தாயரின் குழந்தைகள் சராசரியாக ஏறக்குறைய 200 கிராம் எடை குறைந்து பிறக்கின்றன என்பது 1957இல் அமெரிக்காவில் வெளியான சிம்ப்சனின் முதல் அறிக்கைக்குப் பின் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான உண்மை. குறைமாதப் பிரசவம், பனிக்குடம் முன்கூட்டியே உடைதல், நஞ்சு கீழிறங்கி அமைதல், நஞ்சு முன்னதாகவே பிரிந்து இரத்தம் கொட்டுதல், கருக்குழாயில் கரு தங்குதல், குழந்தை இறந்து பிறத்தல், பிளவுபட்ட உதடு ஆகியவற்றின் வாய்ப்பும் கூடுகிறது. புகைப்போரிடம் கர்ப்பகால இரத்தக்கொதிப்பு நோய் சற்றுக் குறைவாகக் காணப்படுவது ஒரு புதிர்தான். அதைச் சொல்லி ஒரு முதுநிலை மாணவர் வகுப்பில் புகைத்தலுக்கு வக்காலத்து வாங்கியது நினைவுக்கு வருகிறது. மற்ற எல்லாத் தட்டுகளும் எதிர்ப்பக்கம் தாழ்ந்திருக்கையில் அந்த ஒரு தட்டால் பயனில்லை.

இந்தப் பெண்ணுக்குத் தனித்துவமானது, நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் வெவ்வேறு வாசல் வழியாக வந்ததுதான். வாயில் அதக்கிய புகையிலை எரிவதில்லை, ஆகவே அதில் கார்பன் மோனாக்சைடு இல்லை. ஆனால் நிக்கோட்டினைத் தருவதில் அது பீடிக்குச் சளைத்ததன்று. அதற்குக் காரணம் சுண்ணாம்பு. காரத்தன்மை கூடும்போது நிக்கோட்டின் மின்னூட்டமற்ற வடிவுக்கு மாறி, கன்னத்தின் உட்தோல் வழியாக விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. நம் முன்னோர் ‘சுண்ணாம்பு கூடினால் சுரீரென்று ஏறும்’ என்று சொன்னதன் வேதியியல் இது. புகைத்தால் சில நிமிடத்தில் ஏறி இறங்கும் நிக்கோட்டின், வாயில் அதக்கினால் மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். நாளைக்கு ஆறு முறை என்றால் விழித்திருக்கும் நேரம் முழுதும் கருவுக்கு ஓய்வே இல்லை. பாக்கும் வெறும் துணைப்பொருள் அன்று: அதிலுள்ள அரிகோலினும் நஞ்சைக் கடக்கும், பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது.

மும்பையில் 1217 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வு, புகையற்ற புகையிலையைப் பயன்படுத்திய தாயரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்தும், கர்ப்ப காலம் சராசரியாக ஆறு நாள் குறுகியும் பிறந்ததைக் காட்டியது. அவர்களில் பலர் மென்றவர்கள் அல்லர். மிஷ்ரி என்னும் கருக்கிய புகையிலைத் தூளால் பல் தேய்த்தவர்கள். அதே கூட்டத்தில் குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது பின்னர் தெரியவந்தது. எனவே ‘புகைதானே கெடுதல், பொயல என்ன செய்யும்’ என்ற வாதத்துக்கு இடமில்லை.

கார்பன் மோனாக்சைடு மறுவாசலில் வந்தது. பீடி சுற்றும் இலை எளிதில் அணையும். அணையாமல் வைக்க அடிக்கடி இழுக்க வேண்டும். சிகரெட்டைவிடச் சிறியதாக இருந்தும் அது விடும் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் குறைவல்ல. அருகிலிருப்பவர் சுவாசிப்பதில் பெரும்பங்கு, புகைப்பவர் நெஞ்சுக்குள் போய்வந்த புகை அன்று. நுனியில் நேரடியாக எரியும் புகை. பிறர் புகையால் மட்டும் நேரும் எடைக் குறைவு சராசரியாகச் சில பத்து கிராம் அளவில்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதை மிகைப்படுத்துவது சரியன்று. ஆயினும் பொது இடங்களில் புகைக்கத் தடைவிதித்த சட்டம் ஸ்காட்லாந்தில் 2006இல் வந்தபின், அங்கே குறைமாதப் பிரசவங்கள் குறைந்தது பதிவாகியிருக்கிறது. நம் நாட்டிலும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை உண்டு. மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் பீடி பற்றவைத்தால் அபராதம் கேட்கலாம். மழைக்காலத்து நடுக்கூடத்தில் கேட்க எந்தச் சட்டமும் இல்லை. இத்தோடு விறகடுப்பு. கொதும்பு எரியும் அடுக்களையில் குனிந்து ஊதும் பெண் சுவாசிப்பதிலும் அதே கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

செய்ததும் செய்யாததும்

புகையிலையை நிறுத்த நிக்கோட்டின் பிசினோ ஒட்டுப்பட்டையோ தரவில்லை. கர்ப்பிணிகளுக்கு முதலில் பேச்சும் துணையும்தான் என்பது 2013இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனப் பரிந்துரைகளின் சாரம். ஒட்டுப்பட்டையை வைத்துக் கர்ப்பிணிகளிடம் செய்த பெரிய சோதனைகளிலும் தெளிவான பயன் தெரியவில்லை. கர்ப்ப காலத்தில் உடல் நிக்கோட்டினை வழக்கத்தைவிட விரைவாகச் சிதைக்கிறது. புகையிலையை விடமுடியாமல் அடிக்கடி தேடும் கர்ப்பிணியை ‘மனவுறுதி இல்லாதவள்’ என்று ஏசுவோர் இந்த ஒன்றையாவது அறிந்திருக்க வேண்டும்.

முதல் வேலையாக, நான்கு மாதத்துக்கு மேல் தாமதமாக, குமட்டலுக்கு மாத்திரை கொடுத்தேன். எஞ்சியிருந்த குமட்டல் இரண்டு நாளில் அடங்கியது. வாய் எதையாவது கேட்டால் கிராம்பு, உப்பிட்டு உலர்த்திய நெல்லிக்காய். நாளுக்கு ஒரு முறுக்கான் வீதம் குறைப்பது என்று பேசினோம். ஆனால் நான்காம் நாள் அவராகவே முழுதும் நிறுத்தினார். அடுத்த நான்கைந்து நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் மலச்சிக்கலும் இருந்தன. கட்டணமில்லாத தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணான 1800-11-2356ஐ எழுதிக் கொடுத்தேன். அவர் அழைக்கவில்லை, கணவர் ஒருமுறை அழைத்தார். அந்தப் பெண்ணைத் தேற்றியது தினமும் மாலையில் செவிலியர் செய்த தொலைபேசி அழைப்புதான் என்று அவரே சொன்னார்.

மாமியாரிடம் பேசியது செவிலியர். புகையிலையின் தீமையை அவர் விளக்கவில்லை. ஸ்கேன் படத்தைக் காட்டி, பிள்ளைக்கு வயிறு ஒட்டிக் கிடக்கிறது, இந்த மாசம் தேறினால்தான் உண்டு என்றார். மாமியார் அன்றே வெற்றிலைச் செல்லத்தை மச்சின்மேல் ஏற்றினார். தான் நிறுத்தவில்லை, மருமகள் கண்ணில் படாமல் அடுத்த வீட்டில் போய்ப் போட்டுக்கொண்டார். அது போதும் என்றே நான் கருதினேன்.

மாமனார்தான் கடினம். நாற்பது வருடம் பனையுச்சியில் பீடி வலித்தவருக்கு, ‘உங்கள் புகை திரைக்கு அப்பால் போகிறது’ என்பது வேடிக்கையாக இருந்தது. சன்னலைத் திறந்துவைத்தால் போதாதா என்றார். போதாது: புகை சன்னலைத் தேடிப் போவதில்லை, துணியிலும் மெத்தையிலும் படிந்தும் நிற்கும். இறுதியில் வழி காட்டியது கணவர். கொத்தனாரான அவர் ஒரு ஞாயிறன்று முற்றத்துக் கிணற்றடியை ஒட்டி நான்கு கம்பு நட்டு, தகரம் வேய்ந்து, தகப்பனுக்கென ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார். மாமனார் அதைத் தன் ‘ஆபீஸ்’ என்று சொல்லிக்கொண்டார். பீடி குறையவில்லை, இடம் மாறியது. விறகடுப்புச் சமையலைப் பிரசவம் வரை மாமியார் ஏற்றுக்கொண்டார்.

இரும்பு ஊசிகள் முறைப்படி போடப்பட்டன. 34ஆவது வாரத்தில் ஹீமோகுளோபின் 10.8. மேல்நிலை மருத்துவமனையில் இருவாரத்துக்கு ஒருமுறை டாப்ளர். தொப்புள்கொடி ஓட்டம் அதற்குமேல் மோசமாகவில்லை. கருவின் மதிப்பிட்ட எடை 32ஆவது வாரத்தில் 1460 கிராம், 36ஆவது வாரத்தில் 2080. பத்தாம் சதமானக் கோட்டை அது எட்டவே இல்லை; ஆனால் கோட்டிலிருந்து மேலும் விலகிப் போகவும் இல்லை.

பிரசவம்

செப்டம்பர் இறுதியில், 37 வாரமும் இரண்டு நாளும் ஆனபோது வலி வரவழைக்கப்பட்டு, பெண்குழந்தை சுகப்பிரசவமாகப் பிறந்தது. எடை 2180 கிராம். பிறந்தவுடன் அழுதது, பிறந்த குழந்தையின் நிலையைக் கணிக்கும் அப்கார் மதிப்பெண் ஐந்தாம் நிமிடத்தில் பத்துக்கு 9. இரத்தச் சர்க்கரை இருநாள் கண்காணிக்கப்பட்டது, ஒருமுறை மட்டும் எல்லைக்கோட்டில் இருந்து தாய்ப்பாலில் சரியானது. தாயின் மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு முறையில் முதல் வாரம் கழிந்தது. நஞ்சின் எடை 380 கிராம், இயல்பைவிடச் சிறியது, பரப்பில் சுண்ணாம்புத் திட்டுகளும் இரண்டிடங்களில் இரத்த ஓட்டமின்றிப் பட்டுப்போன பகுதிகளும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன.

எது காரணம் என்பது பற்றி

ஒரே ஒரு பெண்ணின் நிகழ்விலிருந்து, குறைந்த எடையில் இத்தனை கிராம் புகையிலையால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரத்தசோகை இருந்தது, தாயின் எடை குறைவு, விறகுப் புகையும் இருந்தது. நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினினை அளக்கும் சோதனை செய்ய எங்களிடம் வசதி இல்லை. வெளிமூச்சில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவியும் இல்லை. ஆகவே எவ்வளவு என்பதற்கு அவர் சொன்ன கணக்கே ஆதாரம்.

எனினும் புகையிலையின் பக்கம் சாய வைப்பவை சில உண்டு. பொதுவாக இரண்டாவது குழந்தை முதல் குழந்தையைவிடச் சற்றுக் கூடுதல் எடையில் பிறக்கும். இங்கே 420 கிராம் குறைந்தது. முதல் பேறுகாலத்திலும் அவருக்கு இரத்தசோகை இருந்தது, அந்த அட்டையில் ஹீமோகுளோபின் 9.6, உடல் எடையும் இதே அளவுதான். அப்போது இல்லாதது முறுக்கான். அதோடு, ஊர் வழக்கப்படி ஏழாம் மாதத்தில் அவரைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே யாரும் பீடி வலிப்பதில்லை. கருவின் எடை ஏறத்தாழ மும்மடங்காகும் கடைசி மூன்று மாதத்தை அந்த முதல் குழந்தை புகையில்லாத வீட்டில் கழித்தது. இரண்டாவது பேறுகாலத்தில் அப்படி அழைத்துப் போகும் வழக்கம் இல்லை.

29ஆவது வாரத்தில் நிறுத்தியதால் பயன் இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கும் என்பதே என் கருத்து. 15ஆவது வாரத்துக்கு முன்பே புகைப்பதை விட்ட பெண்களின் குழந்தைகள், புகைக்காத தாயரின் குழந்தைகளுக்கு நிகராகவே பிறந்தன என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த வாய்ப்பு இவருக்கு இருந்தது. பத்தாவது வாரத்தில் அவர் என் முன்னே உட்கார்ந்திருந்தார்.

இப்போது எங்கள் நிலையத்தில் முதல் வருகையின்போது கேட்பவை வேறு: வெற்றிலை போடுவீர்களா, அதில் பொயல உண்டா, எதனால் பல் தேய்க்கிறீர்கள், வீட்டில் பீடி வலிப்பவர் யார், மழை பெய்தால் அவர் எங்கே உட்கார்ந்து வலிப்பார், சோறு எந்த அடுப்பில். கேட்டு எழுத மூன்று நிமிடம் கூடுதலாக ஆகிறது. வெளியே வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

பதினான்காவது வாரத் தடுப்பூசிக்கு அவர் குழந்தையைக் கொண்டுவந்தபோது அதன் எடை 4.9 கிலோ. ஊசி போட்டு முடிந்து, குழந்தையின் அழுகை அடங்கியபின்னும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. “டாக்டர், போன வாரம் ரெண்டு தடவ போட்டுட்டேன். பால்ல போவுமா?” என்றார். போகும் என்றேன், தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் நிக்கோட்டின் இரண்டு மூன்று மடங்கு செறிவாக இருக்கும் என்பதையும், அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, பொயலையைத்தான் நிறுத்த வேண்டும் என்பதையும் சொன்னேன். கிராம்பு தீர்ந்துவிட்டது, போகும் வழியில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி எழுந்தார். அட்டையில் அன்றைய தேதியிட்டு எழுதினேன்: ‘புகையிலை: உண்டு, இருமுறை, தாமே கூறினார்.’